சந்தேகம் வருது, என்ன பண்றது? சபைப் பிள்ளைங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

மதுரைல ஒரு சி.எஸ்.ஐ. சபைல ரொம்ப வருஷமா வாலிபர் ஐக்கியத்துல இருக்கேன், ஓய்வுநாள் பள்ளிலயும் கிளாஸ் எடுக்குறேன். ஆராதனை முடிஞ்சு வண்டி எடுக்குற இடத்துல, கொயர் ப்ராக்டிஸ் இடைவேளைல, ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் வாட்ஸ்அப்ல, எங்க பாத்தாலும் அதே கேள்விகள்தான் வருது. கேக்குறவங்க எல்லாருமே தான் மட்டும்தான் இப்படி யோசிக்கிறோம்னு நெனச்சு பயந்து பயந்து கேக்குறாங்க, அது எனக்குத் தாங்கல, அதான் மொத்தத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன், யார் கேட்டாங்கன்னு கண்டிப்பா சொல்லமாட்டேன்.

அப்பாலஜெடிக்ஸ் அப்பாலஜெடிக்ஸ்னு எல்லா யூத் கேம்ப்லயும் சொல்றாங்களே, அது என்னதுக்கா?

நம்ம விசுவாசத்துக்கு எதிரா யாராச்சும் கேள்வி கேட்டா, நியாயத்தோட, காரணத்தோட பதில் சொல்றது, அவ்ளோதான். இதுக்கு எல்லாரும் காட்டுற வசனம் 1 பேதுரு 3:15. உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்"னு வருது. கேம்ப்ல 'ஆயத்தமாயிருங்கள்'ங்கிறத பெருசா போஸ்டர் அடிக்கிறாங்க, சாந்தமும் வணக்கமும் போஸ்டர்ல இடம் பிடிக்கிறதே இல்ல, அது என் வருத்தம்.

இது அமெரிக்காலேருந்து யூட்யூப் வழியா வந்த புதுச் சரக்குன்னு நெனைக்காதீங்க. ரெண்டாம் நூற்றாண்டுலயே ஜஸ்டின்ங்கிறவர் ரோம் பேரரசருக்கு கிறிஸ்தவங்க பக்க நியாயத்த எழுதி அனுப்புனாரு. நம்ம ஊருக்கே 1606ல இத்தாலிலேருந்து ராபர்ட் தெ நொபிலி வந்தாரு, காவி கட்டி, மரக்கறி சாப்டு, தமிழும் சமஸ்கிருதமும் படிச்சு, தத்துவ போதகர்னு பேரு வாங்குனவரு. கிறிஸ்தவத்த பத்தி ஜனங்க சொன்ன குற்றச்சாட்டுகளுக்கு பதிலா 'தூஷண திக்காரம்'னு தமிழ்ல ஒரு நூலே எழுதுனாரு. ஆக இந்த வாதம் மதுரைக்கு நானூறு வருஷப் பழசு.

சந்தேகப்பட்டாலே பாவமா? யாக்கோபுல கடல் அலை மாதிரின்னு திட்டியிருக்கே?

திட்டுற வசனம் யாக்கோபு 1:6, சரி. அதுக்கு முந்தின வசனத்தையும் சேத்துப் படிங்க. ஞானம் குறைவா இருந்தா தேவன்கிட்ட கேளு, அவர் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்"னு இருக்கு. அப்ப கேக்குறவன திட்டமாட்டாருன்னு சொல்லிட்டுத்தான் அடுத்தது வருது. அங்க சொல்ற ஆளு ரெண்டு பக்கமும் கால் வச்சுக்கிட்டு எதுலயும் நிலைக்காம இருக்குற இருமனமுள்ளவன். 'ஆண்டவரே எனக்கு இது புரியல'ன்னு நேரா கேக்குறவன் அந்த ஆளு கிடையாது.

யோவான் ஸ்நானகன எடுத்துக்கோங்க. இயேசுவுக்கு ஞானஸ்நானம் குடுத்தவரே ஜெயில்ல கெடக்கும்போது "வருகிறவர் நீர்தானா"ன்னு ஆள் அனுப்பிக் கேக்குறாரு. இயேசு கோவப்படல, என்ன நடக்குதுன்னு போய் சொல்லுங்கன்னு பதில் அனுப்பிட்டு, கூட்டத்துக்கு முன்னாடி அவரப் பத்தி பெருமையா பேசுறாரு. மத்தேயு கடைசி அதிகாரத்துல உயிர்த்தெழுந்த இயேசு கண்ணு முன்னாடி நிக்கும்போதே "சிலரோ சந்தேகப்பட்டார்கள்"னு எழுதியிருக்கு, அவங்கள யாரும் வரிசைலேருந்து வெளிய அனுப்பல. மாற்கு 9ல பிள்ளைக்கு சொகமில்லாத தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கதறுறாரு. விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே வாக்கியத்துல இருக்கு, பிள்ளைக்கு சொகமும் கெடச்சுது. இந்த தகப்பன ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி மறுபடியும் வருவாரு.

டிபேட் வீடியோ பாத்தா விசுவாசம் ஏறுது, எதிர்பக்க வீடியோ பாத்தா எறங்கிருது. எனக்கு என்னக்கா ஆச்சு?

இத காலேஜ் பசங்கதான் நெறைய கேக்குறாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகல, விசுவாசத்த கொண்டுபோய் எதுமேல வச்சிருக்கீங்கன்னு மட்டும் பாருங்க. ஒரு உதாரணத்த கிட்டப் போய் பாப்போம். 'ஆரம்பம்னு ஒண்ணு இருக்குற எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், பிரபஞ்சத்துக்கு ஆரம்பம் இருக்கு, அப்ப அதுக்கும் காரணம் இருக்கு'ங்கிற வாதம் எல்லா டிபேட்லயும் வரும். இத நல்லா வளத்தெடுத்தவங்கள்ல ஒருத்தர் கஸாலின்னு ஒரு இஸ்லாமிய அறிஞர், பதினொண்ணாம் நூற்றாண்டுல பொறந்தவர். நம்ம காலத்துல 1979ல வில்லியம் லேன் கிரெய்க்ங்கிற அமெரிக்க கிறிஸ்தவ தத்துவ அறிஞர் இத மறுபடி எடுத்து பிரபலப்படுத்துனாரு. நல்ல வாதம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனா அது முழுசா ஜெயிச்சாலும் கையில கெடைக்கிறது 'ஒரு காரணம் இருக்கு'ங்கிறது மட்டும்தான். அந்தக் காரணத்துக்கு உங்க பேரு தெரியுமா, உங்க அப்பா ஆஸ்பத்திரில இருக்கும்போது அது உங்க ஜெபத்த கேட்டுச்சா, அதெல்லாம் அந்த வாதத்துக்குள்ள இல்ல. கஸாலி அதே வாதத்த வச்சு இஸ்லாத்துல நின்னாருங்கிறதையும் யோசிங்க.

இன்னொண்ணு, டிபேட்ல ஜெயிக்கிறது வேற, உண்மையா இருக்குறது வேற. வாய் சாமர்த்தியம் உள்ளவன் எந்தப் பக்கம் நின்னாலும் ஜெயிப்பான், பட்டிமன்றம் பாத்து வளந்த ஊருக்கு இத நான் சொல்லணுமா. அதனால பாக்காதீங்கன்னு சொல்லமாட்டேன், தூக்கம் வராத ராத்திரில ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா பாக்காதீங்க. ஒரு கேள்விய மட்டும் எடுத்து, ரெண்டு பக்கமும் எழுத்துல படிச்சு, நாலு நாள் கழிச்சு யார்கிட்டயாச்சும் நேர்ல பேசுங்க.

பைபிள மாத்திட்டாங்கன்னு ஃப்ரெண்டு சொல்றான். மாத்தவே இல்லன்னு கேம்ப்ல சொன்னாங்க. யார் சொல்றது உண்மை?

ரெண்டு பேரு சொல்றதும் முழுசா சரியில்ல. மாற்கு 16 எடுத்து வைங்க. எட்டாம் வசனத்துல பொம்பளைங்க கல்லறைய விட்டு பயந்து ஓடுறாங்க, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல, முடிஞ்சுது. 9லேருந்து 20 வரைக்கும் உள்ள பகுதி, நாலாம் நூற்றாண்டைச் சேந்த கிரேக்க பைபிள் கையெழுத்துப் பிரதிகளான சினாய் ஏடு, வத்திக்கான் ஏடு ரெண்டுலயும் இல்ல. பாம்ப எடுப்பாங்க, விஷம் குடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு வருதே, அது இந்தப் பகுதிலதான் இருக்கு. அதே மாதிரி யோவான் 8ல விபசாரத்துல பிடிபட்ட பெண்ணோட கதை ரொம்பப் பழைய கிரேக்கப் பிரதிகள்ல இல்ல. நம்ம பழைய தமிழ் வேதாகமத்துல ரெண்டும் சாதாரண வசனம் மாதிரியே இருக்கும், புது மொழிபெயர்ப்புகள் பலதுல அடிக்குறிப்பு போட்டிருப்பாங்க. இது ரகசியம் கிடையாது, அரசரடி இறையியல் கல்லூரி மாதிரி எடத்துல படிக்கிறவங்களுக்கு இது பால பாடம். சபைல மட்டும் யாரும் சொல்றதில்ல. அதனால பிள்ளைங்க இத மொதல்ல எதிராளி வாயிலேருந்து கேக்குறாங்க, கேட்டதும் 'இத்தன நாள் மறைச்சுட்டாங்களே'ன்னு ஒடஞ்சு போறாங்க. அடிக்குறிப்பு அவங்கள ஒடைக்கல, மறைச்சதுதான் ஒடைச்சுது.

கேம்ப்ல சொல்ற 'அஞ்சாயிரத்துக்கு மேல கிரேக்கக் கையெழுத்துப் பிரதி இருக்கு'ங்கிற கணக்கும் உண்மைதான், ஆனா அதுல ரொம்பப் பெரும்பகுதி ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பின்னால எழுதுனது. அவ்ளோ பிரதி இருக்குறதால ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு மூலத்துல என்ன இருந்திருக்கும்னு பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியுது, அது பெரிய பாக்கியம். எழுதுனது சரியா நம்ம கைக்கு வந்திருக்குன்னு அது காட்டும், எழுதுன சம்பவம் நடந்துச்சான்னு காட்டாது. ரெண்டையும் போட்டுக் குழப்பி பேசுறவங்கள நான் கேம்ப்ல பாத்திருக்கேன்.

இயேசுன்னு ஒருத்தர் இருந்ததே கட்டுக்கதைங்கிறாங்களே?

இதுக்கு ரொம்ப அலட்டிக்க வேணாம். பவுல் நிருபங்கள், ரோம சரித்திர ஆசிரியர் டாசிட்டஸ், யூத சரித்திர ஆசிரியர் ஜொசிபஸ் எல்லாத்தையும் வச்சு, இயேசு வாழ்ந்தாரு, பொந்தியு பிலாத்து காலத்துல சிலுவைல அறையப்பட்டாருன்னு விசுவாசம் இல்லாத ஆய்வாளர்களும் பெரும்பாலும் ஒத்துக்குறாங்க. ஜொசிபஸ் எழுதுனதுல ஒரு பத்தில பின்னாடி யாரோ கிறிஸ்தவங்க கை வச்சிருக்காங்க, அதையும் சேத்தே சொல்லிருங்க.

உயிர்த்தெழுதல் வேற மாதிரி. 1 கொரிந்தியர் 15ல பவுல் 'நானும் அடைந்து உங்களுக்கு ஒப்புவித்தேன்'னு சொல்ற பட்டியல், அதாவது உயிர்த்தெழுந்த இயேசுவ யார் யார் பாத்தாங்கங்கிறது, ரொம்ப ஆரம்பத்துலயே சபைல சொல்லப்பட்டது. சீஷங்க அத உறுதியா நம்புனாங்கங்கிற வரைக்கும் சரித்திரம் நம்மள கூட்டிட்டுப் போகும். அதுக்கு மேல ஒரு அடி நம்மதான் எடுத்து வைக்கணும், நான் எடுத்து வச்சிருக்கேன். அந்த அடியே தேவையில்ல, எல்லாம் நிரூபிச்சாச்சுன்னு யாராச்சும் சொன்னா அவங்கள கொஞ்சம் தள்ளியே வைங்க.

நம்பிட்டா நஷ்டம் ஒண்ணும் இல்லையே, கடவுள் இருந்தா லாபம்தானே? அப்படியே இருந்துரலாமா?

இது பாஸ்கல்னு பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சு கணித மேதை சொன்ன வாதத்தோட சுருக்கம். அவர் சொன்னதுல இன்னும் ஆழம் இருக்கு, ஆனா நம்ம பக்கம் இது சீட்டுக் கட்டுற கணக்கா ஆயிருச்சு. லாபத்துக்காக ஒருத்தர்கூட பழகுனா அது அவருக்குத் தெரியாதா?

ஹாஸ்டல் ரூம்மேட் பெரியார் படிக்கிறவன். கடவுள் இருந்தா சுனாமி ஏன் வந்துச்சுன்னு கேட்டான், எனக்கு வாயே வரல.

வாய் வராததே மரியாதைதான் தம்பி. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கிட்டு வந்தவங்களே கடற்கரைல செத்தாங்க. அப்பாலஜெடிக்ஸ்ல இதுக்கு வழக்கமா வர்ற பதில், மனுஷனுக்கு சுயசித்தம் இருக்கு, அத தப்பா பயன்படுத்துறதால கஷ்டம் வருதுங்கிறது. கொலைக்கும் கொள்ளைக்கும் அந்தப் பதில் பொருந்தும், கடல் பொங்குனதுக்கு யாரோட சுயசித்தம்?

யோபு புஸ்தகத்த இந்தக் கண்ணோட படிச்சுப் பாருங்க. மூணு சிநேகிதங்க வந்து, தேவன் நியாயமுள்ளவரு, ஒன்மேல ஏதோ தப்பு இருக்கணும்னு அத்தியாயம் அத்தியாயமா தேவனுக்காக வாதாடுறாங்க. யோபு கத்துறாரு, கேள்வி கேக்குறாரு, பொறந்த நாள சபிக்கிறாரு. கடைசில 42:7ல தேவன், நீங்க என்னைப் பத்தி யோபு மாதிரி சரியாப் பேசலன்னு அந்த சிநேகிதங்க மேலதான் கோவப்படுறாரு. தேவனுக்காக வக்கீல் வேல பாத்தவங்களுக்குத்தான் திட்டு விழுந்துச்சு. ஒவ்வொரு அப்பாலஜெடிக்ஸ் வகுப்பும் இந்த வசனத்துலேருந்துதான் ஆரம்பிக்கணும்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

சி.எஸ். லூயிஸ்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் பேரு கேம்ப்ல கேட்டிருப்பீங்க. 1940ல வேதனையைப் பத்தி தெளிவா ஒரு புஸ்தகம் எழுதுனாரு. 1960ல அவரு மனைவி கேன்சர்ல எறந்தப்புறம், அடுத்த வருஷம் வேற பேர்ல ஒரு சின்ன புஸ்தகம் வெளியிட்டாரு, அதுல அந்தத் தெளிவெல்லாம் இல்ல, கோவமும் பயமும் அழுகையும்தான் இருக்கு. அதே மனுஷன், அதே விசுவாசம். ரூம்மேட்கிட்ட 'எனக்கும் தெரியலடா, எனக்கும் வலிக்குது'ன்னு சொல்லுங்க, அவன் அத மதிப்பான்.

எனக்கு சயின்ஸ் பிரச்சனையெல்லாம் இல்லக்கா. சபைல ஜாதி பாக்குறாங்க, அதப் பாத்துட்டு எப்படி விசுவாசிக்கிறது?

இத்தன கேள்விலயும் இது காதுல விழும்போதுதான் எனக்கு பயமா இருக்கு. ஏன்னா இதுக்கு எதிர்வாதம் கிடையாது, இருக்கவும் கூடாது. இது உள்ளதுதான். மேல சொன்ன நொபிலியே உயர் ஜாதிக்காரங்க வரணும்னு ஜாதி வழக்கத்துக்கு எடம் குடுத்தாரு, அவங்களுக்குன்னு தனிக் கோயில் வச்சாரு, அவருக்கு முன்னாடியே இங்க பரதவ மக்கள் நடுவுல ஊழியம் பண்ண கொன்சாலோ பெர்னாண்டஸ் அத எதிர்த்தாரு. 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள ஜாதி கூடவே கூடாதுன்னு கடிதம் போட்டப்ப, தென்னாட்டு சபைகள்ல பல பேரு அதுக்கு எதிரா சண்ட போட்டாங்க. கல்லறைத் தோட்டத்துல தனி இடம், கல்யாணப் பேச்சுல மொத கேள்வி, சபைத் தேர்தல்ல யார் ஓட்டு யாருக்கு, இதெல்லாம் பாத்து வளந்த பிள்ள 'எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று'ன்னு கேட்டா சிரிக்காம என்ன பண்ணும்?

ஒரு தங்கச்சி இத எங்கிட்ட கேட்டப்ப பக்கத்துல நின்ன அண்ணன் ஒருத்தர் ஒடனே 'மனுஷன பாக்காத, இயேசுவப் பாரு'ன்னாரு. அந்தப் பிள்ள மொகம் அப்படியே மூடிக்கிச்சு. அந்த பதில் தப்பு செஞ்சவன காப்பாத்துது, கேட்டவள இல்ல. இந்தக் கோவம் அவிசுவாசம் இல்ல, ஏழைங்கள மிதிக்கிறதப் பாத்து ஆமோஸ் தீர்க்கதரிசிக்கு வந்த கோவம் இது. நம்ம ஊர்லயே பரட்டை அண்ணன்னு எல்லாரும் கூப்ட்ட தியோபிலஸ் அப்பாவு ஐயா, அரசரடில பாடம் நடத்துனவரு, இந்தக் கோவத்தையே கிராமத்து மெட்டுல பாட்டாக்கி ஆராதனைக்குள்ள கொண்டு வந்தாரு. விசுவாசம் கொறஞ்சதாலயா அவர் பாடுனாரு?

ரவி சக்கரியாஸ் பேச்சு கேட்டுத்தான் நான் விசுவாசத்துக்கு வந்தேன். இப்ப அதெல்லாம் பொய்யா?

தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்றேன். 1946ல சென்னைல பொறந்தவரு, உலகம் பூரா போய் அப்பாலஜெடிக்ஸ் பேசுனவரு, 2020 மே மாசம் எறந்தாரு. அதுக்கப்புறம் அவரோட நிறுவனமே வெளி வக்கீல்கள வச்சு விசாரிச்சு 2021 பிப்ரவரில அறிக்கை வெளியிட்டுச்சு, அவரு பல பெண்கள்கிட்ட பாலியல் ரீதியா தப்பா நடந்தது உண்மைன்னு. அதுக்கு முன்னாடியே ஒரு பெண் புகார் சொன்னப்ப நிறுவனம் அந்தப் பெண்ண நம்பாம அவரத்தான் நம்புச்சு. சாமர்த்தியமா பேசுற வாய்க்கு எவ்ளோ அதிகாரம் குடுத்துட்டோம்னு பாருங்க.

உங்க கேள்விக்கு வர்றேன். அவர் சொன்ன ஒரு வாதம் சரின்னா அவரு கெட்டவருங்கிறதால தப்பாகாது, அத எடுத்து தனியா சோதிச்சுப் பாருங்க. ஆனா வலிக்குதுன்னா வலிக்கட்டும், 'வாதம் வேற ஆள் வேற'ன்னு சீக்கிரம் தொடச்சுப் போட்றாதீங்க. மொதல்ல அந்தப் பெண்களுக்காக ஜெபம் பண்ணுங்க. நீங்க விசுவாசத்துக்கு வந்தது அந்த மேடைலேருந்தா இருக்கலாம், இத்தன வருஷம் நிக்கிறது எதுனாலன்னு யோசிச்சா வேற மொகங்க ஞாபகத்துக்கு வரும்.

இந்து ஃப்ரெண்ட்ஸ்கூட டிபேட் பண்ணலாமா? வாதமெல்லாம் லிஸ்ட் போட்டு தயார் பண்ணி வச்சிருக்கேன்.

அவங்க கேட்டாங்களா? பேதுரு சொன்னது 'விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்'னு. சித்திரைத் திருவிழால அழகர் எதிர்சேவை பாக்க தல்லாகுளத்துக்குக் கூப்ட்ட ஃப்ரெண்டுகிட்ட போய் நம்ம லிஸ்ட வாசிக்கிறது சாந்தமும் இல்ல, வணக்கமும் இல்ல. கூட நின்னு பானகம் வாங்கிக் குடிக்கிறதுல விசுவாசம் கரைஞ்சிறாது.

சரித்திரத்தையும் தெரிஞ்சுக்கோங்க. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் தமிழ்ல மொழிபெயர்க்க உதவுனவரு, பைபிள வரிக்கு வரி அறிஞ்சவரு. மிஷனரிங்க சைவத்த இழிவா பேசுனதுக்கு பதிலா 1854ல 'சைவ தூஷண பரிகாரம்' எழுதுனாரு. விக்கிரகம், சடங்கு, பலின்னு நம்மாளுங்க எதையெல்லாம் கேலி பண்ணாங்களோ, அதெல்லாம் ஒங்க பழைய ஏற்பாட்டுல இல்லையான்னு வசனத்தோட கேட்டாரு. அந்தக் கேள்வி நியாயமானது. அடுத்தவங்க வேதத்த எந்தக் கண்ணோட படிக்கிறோமோ அதே கண்ணோட நம்மளத படிக்க முடியலன்னா டிபேட்டுக்குப் போகாதீங்க.

பையன் பி.இ. முடிச்சான், இப்ப ஆராதனைக்கே வரமாட்டேங்கிறான். எந்த புக் குடுத்தா சரியாவான் சிஸ்டர்?

புக் இப்ப வேணாம்மா. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அப்பாலஜெடிக்ஸ் வீடியோ அனுப்புறத இன்னிக்கே நிறுத்துங்க, அவன் அத திறக்கவே மாட்டான், அனுப்பும்போதெல்லாம் 'அம்மாவுக்கு நான் ஒரு பிரச்சனை'ன்னு மட்டும் அவனுக்குத் தெரியும். அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, எப்பலேருந்து இப்படித் தோணுச்சுன்னு. கேட்டுட்டு பதில் சொல்லாதீங்க, அழாதீங்க, வசனம் சொல்லாதீங்க. பெரும்பாலும் ஒரு சம்பவம் வெளிய வரும். தாத்தாவுக்காக ஜெபிச்சும் நடக்காதது, யாரோ எல்லாரு முன்னாடியும் அவன அசிங்கப்படுத்துனது, இல்ல, முன்னாடி நான் எழுதுன ஜாதிப் பிரச்சனை. பரிணாமம், பிக் பேங் எல்லாம் அதுக்கு மேல போட்ட போர்வையா இருக்கலாம்.

அதே நேரம் எப்பவும் அப்படித்தான்னு முடிவு கட்டாதீங்க. சில பிள்ளைங்களுக்கு நெசமாவே அறிவுலதான் கேள்வி. அவங்ககிட்ட 'ஒனக்கு என்ன காயம்'னு நோண்டுனா அதுவும் அவமானம்தான். அவன் கேள்வி கேட்டா, தெரிஞ்சா சொல்லுங்க, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அவன் வரலன்னாலும் ஞாயித்துக்கிழம மத்தியானம் கறிக்கொழம்பு அவனுக்கும் சேத்து வைங்க, அத நிபந்தனை ஆக்காதீங்க.

எல்லாம் கேட்டாச்சு, இன்னும் எனக்கு நம்ப முடியல. கொயர்ல பாடலாமா? விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய மூடிக்கிட்டு நிக்கலாமா?

பாடுங்க. மதர் தெரசா எழுதுன கடிதங்கள் 2007ல புஸ்தகமா வந்துச்சு. பல பத்து வருஷம் தேவன் பக்கத்துல இருக்குற உணர்வே இல்லாம, இருட்டுல இருக்கேன்னு எழுதியிருக்காங்க, அந்த வருஷமெல்லாம் அவங்க வேலய விடல. சங்கீதம் 88 எடுத்துப் பாருங்க, மத்த சங்கீதம் மாதிரி கடைசில துதியா மாறவே மாறாது, இருட்டுலயே முடியும். அதையும் தேவாலயத்துல பாடுறதுக்குன்னு சேத்து வச்சிருக்காங்க. அப்படிப்பட்ட மனசோட பாடுறவங்களுக்கும் கொயர்ல எடம் இருக்கு.

பிரமாணம்ங்கிறது 'விசுவாசிக்கிறேன்'னு ஆராதனைல எல்லாரும் சேந்து சொல்ற அறிக்கை, அதுல எந்த வரிய மனசார சொல்ல முடியுதோ அத சொல்லுங்க, முடியாத வரில சும்மா நில்லுங்க, யாரும் ஒங்க ஒதட்ட பாத்துக்கிட்டு நிக்கல. ஒண்ணுமே சொல்ல முடியலன்னா அந்த மாற்கு 9 தகப்பன் சொன்னத மனசுக்குள்ள சொல்லுங்க. ஆனா ஓய்வுநாள் பள்ளில சின்னப் பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்குறீங்கன்னா, கொஞ்ச நாள் வேற ஒருத்தர எடுக்கச் சொல்லி ஆயர்கிட்ட நேரா பேசிருங்க, நம்பாதத நம்புற மாதிரி பிள்ளைங்களுக்கு சொல்லிக்கிட்டே இருந்தா ஒங்களுக்குத்தான் பாரம். ஆயர்கிட்ட தனியா போக பயமா இருந்தா சொல்லுங்க, நான் கூட வர்றேன்.